அரசு கைவிட்ட பின் திருச்சபை: கண்டியிலிருந்து ஐரோப்பாவைப் பார்த்தல்



சமயப் பற்று விலகிவரும் ஐரோப்பாவில் கிறிஸ்தவ அருட்பணிக்கு என்ன இடம், அங்கே திருச்சபையின் எதிர்காலம் என்ன என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கண்டியில் வைத்துக் கேட்பது மிகவும் பொருத்தம் என்றே நினைக்கிறேன். அரசின் ஆதரவோடு வளர்ந்த ஒரு திருச்சபை, அந்த ஆதரவு போனதும் எப்படிச் சரிந்தது என்பதை இந்தத் தீவு ஒருமுறை பார்த்துவிட்டது. அரசின் ஆதரவே இல்லாமல், ஒரு பௌத்த மன்னனின் நிழலில், இதே மலைகளுக்குள் இன்னொரு திருச்சபை எப்படி உயிர் பிழைத்தது என்பதையும் பார்த்திருக்கிறது. இரண்டு திருச்சபைகளும் ஒரே காலத்தில் வாழ்ந்தவை. ஐரோப்பா இன்று இழந்துகொண்டிருப்பது முதல் வகைத் திருச்சபையை. இரண்டாவது வகைக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பதுதான் இன்று நாம் கேட்க வேண்டியது. இருக்கிறது என்பது என் நம்பிக்கை. அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் சில எண்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 71.7 வீதம். 2011இல் அது 59.3 வீதம். 2021இல் 46.2 வீதம். சமயம் எதுவும் இல்லை என்று எழுதியவர்கள் அதே 2021இல் 37.2 வீதம். ஜேர்மனியில் 2022 என்ற ஒரே ஆண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார்கள். சுவீடனில் 1996 வரை, பெற்றோரில் ஒருவர் திருச்சபை உறுப்பினராக இருந்தால் பிறக்கும் குழந்தையும் தானாகவே உறுப்பினராகிவிடும். 2000இல் அங்கே அரசும் திருச்சபையும் பிரிந்தன.

ஜேர்மனியில் விலகுவது எப்படி என்பதைக் கவனியுங்கள். அங்கே திருச்சபை வரியை வருமான வரியோடு சேர்த்து அரசே அறவிடுகிறது. எனவே விலக விரும்புகிறவர் போதகரிடமோ ஆயரிடமோ போவதில்லை. அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்திடுகிறார். ஞானஸ்நானத்தின் போது அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை. ஓர் எழுதுவினைஞர் முன்னிலையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. திருச்சபை உறவு அரசுப் பதிவேட்டில் தங்கியிருந்தால் அதன் முடிவும் அங்கேயேதான் நடக்கும்.

பதிவேடு என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கும் கரையோரத்தாருக்கும் ஒல்லாந்தரின் தோம்பு நினைவுக்கு வரும். 1658இல் போர்த்துக்கேயரை இங்கிருந்து அகற்றிய ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி, கத்தோலிக்கத்தைத் தடைசெய்து தன் சீர்திருத்தத் திருச்சபையை அரச சமயமாக்கியது. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஊருக்கு ஊர் கோயிலும் பாடசாலையும் ஒன்றாக நின்றன. பாடசாலை உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிவார். அந்தப் பதிவுதான் பாடசாலைத் தோம்பு. அதில் பெயர் இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் கிடையாது. அவனுடைய கலியாணமும் காணி உரிமையும் கேள்விக்குரியவை ஆகும். பிள்ளை பாடசாலைக்கு வராவிட்டால் தண்டப்பணம் கட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ் எழுதிய நூலைப் படிப்பவர்கள், ஒவ்வொரு கோயில்பற்றிலும் இத்தனை பிள்ளைகள், இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று அவர் கணக்கெழுதியிருப்பதைக் காணலாம். பல்தேயஸ் உழைப்பாளி. தமிழைக் கற்க முயன்றவர். அவருடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் கட்டியெழுப்பிய திருச்சபைக்கு அத்திவாரமாக இருந்தது கம்பனியின் கச்சேரி.

1796இல் பிரித்தானியர் வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றால்தான் உத்தியோகம் என்ற கட்டாயம் தளர்ந்தது. அதற்குப் பின் நடந்ததைப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவ வரலாற்று நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். லட்சக்கணக்கில் இருந்த புரட்டஸ்தாந்தப் பெயர்கள் ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோயின. யாரும் அவர்களைத் துன்புறுத்தவில்லை. எந்தத் தத்துவமும் வந்து அவர்களுடைய விசுவாசத்தை அசைக்கவில்லை. கட்டாயம் நீங்கியது, அவர்கள் தங்கள் கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் திரும்பினார்கள். இன்னும் சொன்னால், பலர் அவற்றை விட்டு ஒருநாளும் போயிருக்கவே இல்லை.

ஐரோப்பாவில் நடப்பது முழுவதும் இதுதான் என்று சொன்னால் அது மிகை. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விசுவாசம் மண்ணோடும் மொழியோடும் கலந்திருந்தது. பாக் என்ற இசையமைப்பாளரையோ, ஹிட்லருக்கு எதிராக நின்று 1945இல் தூக்கிலிடப்பட்ட போதகர் போன்ஹோஃபரையோ எந்தத் தோம்பும் உருவாக்கவில்லை. ஆயினும் அங்கே வெளியேறுகிறவர்களில் ஒரு பெரும் பகுதியினர், நம் கரையோரத்து மக்களைப் போலவே, தங்கள் பாட்டனார் காலத்திலேயே உள்ளத்தால் வெளியேறிவிட்டவர்கள். பதிவு மட்டும் இப்போது நீங்குகிறது. இதைப் பார்த்து நான் அழமாட்டேன். காணிக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஒருவன் கிறிஸ்துவின் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை என்ற நிலை நல்லது. அந்த நிலையைக் கொண்டுவந்தது சமயச் சார்பற்ற அரசு என்றால், அதற்காக அந்த அரசுக்கு நன்றி சொல்லக் கிறிஸ்தவன் தயங்கக் கூடாது.

அதே கம்பனியின் தலைநகரான ஆம்ஸ்டர்டாமில், அணைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில், நியூவே கேர்க் என்ற பெரிய ஆலயம் இருக்கிறது. 1948 ஓகஸ்ட் மாதம் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் மாநாட்டுக்கான தொடக்க ஆராதனை அங்கே நடந்தது. அதில் பேசியவர்களில் ஒருவர், அப்போது நாற்பது வயதான யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ். தோம்பு எழுதியவர்களின் தலைநகரில், அந்தத் தோம்பு எழுதப்பட்ட மண்ணின் தமிழ்ப் பிள்ளை நின்று நற்செய்தி சொன்னார். இன்று அந்த ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை வழக்கத்தில் இல்லை. கண்காட்சிகள் நடக்கின்றன. புதிய மன்னர் பதவியேற்கும் நாளில் கதவு அந்தத் தேவைக்காகத் திறக்கிறது. நைல்ஸ் அன்று அந்த மேடைக்குப் போனதற்குப் பின்னால் ஒல்லாந்தரின் சாதனை எதுவும் இல்லை. அவர்களுடைய சபை சரிந்த பிறகு, அமெரிக்கன் மிஷன், மெதடிஸ்ட் மிஷன் காலத்தில், பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் வீட்டு ஜெபத்திலும் மறுபடி முளைத்த சபை அவரைத் தந்தது.

இப்போது மலைக்கு வருவோம்.

1687இல் ஒரு கோவா நாட்டுக் குரு கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். பெயர் யோசேவ் வாஸ். கொங்கணிப் பிராமணக் குடும்பத்தவர், ஒரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர். வந்த இடத்தில் நோயில் விழுந்தார். வீடு வீடாகப் பிச்சை கேட்கும் நிலையில் இருந்தபடியே, கத்தோலிக்க விசுவாசத்தை மறைவாகக் காத்துவந்த குடும்பங்களைத் தேடினார். தமிழ் கற்றார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆட்கள் அவரைச் சிறைப்படுத்தினார்கள். சிறையில் இருந்தபடி அவர் செய்த வேலை சிங்களம் கற்றது.

இதில் சற்று நிற்க வேண்டும். போர்த்துக்கேயர் இந்தத் தீவை விட்டுப் போய் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அவருக்குப் பின்னால் படை இல்லை, கம்பனி இல்லை, ஐரோப்பிய மன்னனின் கடிதம் இல்லை. கரையோரத்தை ஆண்ட கிறிஸ்தவ அரசு அவரைப் பிடித்தால் கொல்லக்கூடியது. அவருக்கு இறுதியில் பாதுகாப்புக் கொடுத்தவன் ஒரு பௌத்த மன்னன். ஓர் ஆசிய நாட்டவர், வறியவராக, இரண்டு உள்ளூர் மொழிகளைக் கற்று, வேறு சமயத்தவரின் அனுமதியில் வாழ்ந்து நற்செய்தி சொன்னார். அவரும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருக்களுமே அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு இலங்கைக் கத்தோலிக்கரைத் தாங்கினார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் குவித்தார். ஐரோப்பியக் குருக்கள் திரும்பி வந்தது, பிரித்தானிய ஆட்சி நிலைபெற்ற பிறகு, 1840களில்.

வாஸ் முனிவரைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளைக் கண்டியில் எல்லோரும் சொல்வார்கள். ஒன்று 1696இன் மழை. கொடிய வரட்சி, மன்னன் கேட்டுக்கொண்டான், திறந்த வெளியில் பீடம் அமைத்து அவர் மன்றாடினார், மழை கொட்டியது என்பது மரபு. மற்றது அடுத்த ஆண்டில் வந்த வைசூரி. நகரம் காலியானது. மன்னனும் பிரதானிகளும் அகன்றார்கள். நோயாளிகளை அவர்களுடைய சொந்த உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் முனிவரும் அவருடைய உறவினரும் உடன்குருவுமான யோசேவ் கர்வாலியோவும் அங்கே குடிசை போட்டுக் கொடுத்து, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தவர்களைத் தங்கள் கையால் அடக்கம் செய்தார்கள். யார் கத்தோலிக்கன், யார் பௌத்தன் என்று கேட்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் நாள் இதே கண்டியில் அவர் இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம்மிடையே மழை நிகழ்ச்சிக்கே மேடையில் இடம் அதிகம். ஓவியங்களிலும் அதுதான். ஐரோப்பாவைப் பற்றிப் பேசும்போது எனக்கு வைசூரி நிகழ்ச்சியே முக்கியமாகத் தெரிகிறது. மழை வேண்டி மன்னன் ஒரு துறவியிடம் வந்தான் என்றால், அவன் மன்றாட்டில் நம்பிக்கை உள்ளவன். கண்டியில் கிறிஸ்தவனுடைய அயலவன் எப்போதுமே பக்தன்தான். தலதா மாளிகைக்குப் பூத்தட்டு ஏந்திப் போகிறவன், கதிர்காமத்துக்கு நடக்கிறவன், பள்ளிவாசலில் தொழுகிறவன். அவனோடு பேசுவதற்கு ஒரு பொதுத் தளம் இருக்கிறது. பேர்மிங்ஹாமிலும் பேர்ளினிலும் இருக்கும் அயலவன் மழைக்காக யாரிடமும் போகமாட்டான். அவன் கடவுளை எதிர்ப்பவனும் அல்லன். அந்தப் பேச்சே அவனுக்குத் தேவைப்படவில்லை. நம் அனுபவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைக்க முடியாது என்பதற்கு இதுவே பெரிய காரணம். இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் ஒன்று. சமயமே விலகி நிற்கும் ஒரு சமுதாயத்தில் வாழ்ந்த பழக்கம் நமக்கு இல்லை.

இந்த வேறுபாட்டை நம்மில் எவரையும் விட நன்கு உணர்ந்தவர் லெஸ்லி நியூபிகின். 1909இல் இங்கிலாந்தில் பிறந்து, 1936இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாகச் சென்னை வந்தார். காஞ்சிபுரத்தில் தமிழ் கற்றார். அங்கே இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு அமர்ந்து உபநிடதங்களையும் யோவான் நற்செய்தியையும் சேர்ந்து வாசித்தார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரம் பேராயரானார். பிறகு சென்னைப் பேராயர். 1974இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது அவரும் மனைவியும் விமானத்தில் போகவில்லை. தரைவழியாக, கிடைத்த பஸ்களில், பை தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். வழியில் எங்கும் ஞாயிறு வழிபாட்டுக்குச் சக கிறிஸ்தவர் கிடைத்தார்கள். துருக்கியின் கப்பதோக்கியாவில் மட்டும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சிந்தனையின் தலைவாசலாக இருந்த அந்த நாட்டில் இருவரும் தனியாக வழிபட்டார்கள்.

பிறகு பேர்மிங்ஹாம். அங்கே கற்பித்தார். பின்னர் வின்சன் கிறீன் என்ற ஏழைப் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே, மூடப்படவிருந்த ஒரு சிறிய சபையின் போதகராக, எழுபது வயதுக்குப் பின் பொறுப்பேற்றார். அவருக்குக் கிடைத்த அனுபவம் கடுமையானது. இந்தியக் கிராமங்களில் நற்செய்திக்கு எதிர்ப்பு இருந்தது, ஆனால் கேட்கும் செவியும் இருந்தது. இங்கிலாந்தில் எதிர்ப்புக்குப் பதில் அலட்சியம் இருந்தது, எதிர்ப்பைவிட அலட்சியத்தை எதிர்கொள்வது கடினம் என்று கண்டார். இந்தியாவிலிருந்து வந்ததில் எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, நம்பிக்கை மறைந்துபோயிருப்பதுதான் என்றார். சென்னையின் மிக மோசமான சேரியிலும் நாளை நன்றாகும் என்ற எண்ணத்தைப் பார்த்தவர் அவர். வசதி மிகுந்த தன் சொந்த நாட்டில் அதைக் காணவில்லை. 1989இல் வெளிவந்த அவருடைய ‘பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி’ என்ற பொருள்படும் ஆங்கில நூல் இந்த அனுபவத்தில் எழுந்தது. அவர் வந்தடைந்த முடிவை என் சொற்களில் சொல்கிறேன்: நற்செய்தியை ஒரு நவீன மனிதன் நம்ப வேண்டுமென்றால் வாதம் போதாது, அதை நம்பி அதன்படி வாழும் ஒரு சிறு சபை அவன் தெருவில் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவே அருட்பணித் தளம் என்ற எண்ணம் அவரோடு தொடங்கவில்லை. 1943இலேயே பாரிஸ் தொழிலாளர் பகுதிகளில் பணிபுரிந்த கொடன், தானியேல் என்ற இரண்டு குருக்கள், பிரான்ஸ் ஒரு மறைபரப்பு நாடா என்று கேட்டு நூல் எழுதினார்கள். ஆனால் தமிழ்நாட்டில் மிஷனரியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் தன் நாட்டை மிஷனரியின் கண்ணால் பார்த்தது புதிது. அந்தக் கண்ணை அவருக்குக் கொடுத்தது தமிழகம்.

கண்டியின் பத்தொன்பதாம் நூற்றாண்டை விரைவாகக் கடக்கிறேன். 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1818இல் சர்ச் மிஷனரி சங்கத்தார் வந்தார்கள். தலதா மாளிகையை ஒட்டி, 1840களில், பரிசுத்த பவுல் ஆலயம் எழும்பியது. அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தது வென்றவர்களின் மனம் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆலயத்தில் மன்றாடிய தலைமுறைகளின் பக்திக்கு அதனால் குறைவு வராது. ஆனால் 1881இல் ஒன்று நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு இலங்கை அரசு கொடுத்துவந்த மானியத்தை நிறுத்த முடிவானது. இங்கிலாந்துத் திருச்சபை இன்றுவரை அரச திருச்சபை, இலங்கையில் அதன் பிள்ளை அன்றே அரசிடமிருந்து விலகித் தன் காலில் நிற்கப் பழகியது. 1960இலும் 1961இலும் வந்த சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. திருச்சபை முடிந்தது என்று அன்று பலர் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது, காயமும் உண்மையானது. ஆனாலும் 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைக் கிறிஸ்தவர் ஏழரை வீதத்துக்குக் குறையவில்லை.

மலையகத் தமிழ்ச் சபைகளின் கதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்துவந்து, வழியிலேயே செத்துமடிந்த மக்களிடையே 1854இல் தமிழ் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக நடந்தார்கள். தமிழர் தமிழருக்குச் செய்த பணி அது. ஆனால் துரைமாரின் பணத்திலும் அனுமதியிலும் நடந்தது. அதன் பெயரிலேயே அந்த மக்களின் இழிவு எழுதப்பட்டிருந்தது. பின்னாளில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தன. ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டார்கள். மலையகத்தில் பல சிற்றாலயங்களின் வாங்குகள் அந்த ஆண்டுகளில்தான் வெறுமையாயின. குடும்பங்கள் பதுளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் ரயிலேறித் தலைமன்னார் போய், கடல் கடந்து நீலகிரியில் இறங்கின. ஐரோப்பிய ஆலயம் வெறுமையாவது நம்பிக்கை போனதால் என்கிறோம். நம் ஆலயம் வெறுமையானது நம்பிக்கை உள்ளவர்களை நாடு வெளியே அனுப்பியதால். இரண்டையும் ஒரே வாய்பாட்டில் அடக்கும் சமயச் சமூகவியலை நான் ஏற்பதில்லை.

இந்த இழப்புகளுக்கு நடுவில் மலைத் திருச்சபை செய்த சிலவற்றை நன்றியோடு சொல்ல வேண்டும். திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்தை எல். ஜே. காஸ்டர் கண்டிக் கட்டடக் கலையில், கருங்கல் தூண்களோடு, பக்கங்கள் திறந்தபடி அமைத்தார். 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டேவிட் பெயின்டர் அங்கே தீட்டிய சிலுவைக் காட்சியில் இயேசுவுக்குத் தாடி இல்லை. சுற்றிலும் நம் கரையோரத்துக் கண்டல் மரங்கள். 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியற் கல்லூரியை ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து தொடங்கி, தமிழிலும் சிங்களத்திலும் போதகர்களைப் பயிற்றுவித்தன. யுத்த காலம் முழுவதும் இரு மொழி மாணவர்களும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கிப் படித்தார்கள். இந்த நாட்டில் அப்படிச் சொல்லக்கூடிய நிறுவனங்கள் அதிகமில்லை.

கண்டி ஆயர் லியோ நாணயக்கார 1972இல், பழமையும் வசதியும் உள்ள இந்த மறைமாவட்டத்தை விட்டு, புதிதாகப் பிரிக்கப்பட்ட வறிய பதுளைக்குத் தாமாகப் போனார். குருமாணவர் மதிலுக்குள் வளரக் கூடாது, கிராமத்தவரோடும் தோட்டத்தவரோடும் வாழ்ந்து வளர வேண்டும் என்று பண்டாரவளையில் சேவக செவண என்ற குருமடத்தை அமைத்தார். அதே 1972இல் இயேசுசபைக் குரு போல் கஸ்பெர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகவும் குடியுரிமைக்காகவும் உழைத்த இடம் அது. 2017இல் இறக்கும்வரை அந்தப் பணியை அவர் விடவில்லை. கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் பிறந்த அலோசியஸ் பீரிஸ் அடிகளார், ஆசியத் திருச்சபை இங்குள்ள சமயங்களிடமும் ஏழைகளிடமும் மாணவனாக அமர்ந்து கற்க வேண்டும் என்று விடாமல் எழுதினார். பௌத்தக் கல்வியில் கலாநிதிப் பட்டம் பெற்ற குரு அவர். வாஸ் முனிவர் சிறையில் சிங்களம் கற்ற அதே வழியில் நடந்தவர்கள் இவர்கள்.

இந்த மலையிலிருந்து ஐரோப்பாவுக்கு எதைக் கொண்டுபோக முடியும்?

அம்பிட்டியவைப் பற்றிய இன்னொரு செய்தியோடு தொடங்குகிறேன். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ அங்கே ஒரு பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். இந்தியா முழுவதிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஐரோப்பிய இயேசுசபையினர் கற்பித்தார்கள். 1955இல் அது புனே நகருக்கு மாறியது. அன்று ஆசியாவுக்குக் குருக்கள் வேண்டும் என்று ஐரோப்பா ஆசிரியரை அனுப்பியது. இன்று ஜேர்மனியிலும் இத்தாலியிலும் பங்குகளில் குரு இல்லை என்று ஆயர்கள் நம்மிடம் ஆள் கேட்கிறார்கள். இதைச் சிலர் மறு அருட்பணி என்று பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைப்படும் முன் யோசிக்க வேண்டும். வெற்றிடத்தை நிரப்ப ஆள் அனுப்புவது ஆட்சேர்ப்பு. ஆட்சேர்ப்பு என்றால் என்னவென்று தோட்டத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரிந்துகொண்டிருக்கும் ஒரு நிருவாகத்தைத் தாங்கிப் பிடிக்கவும், முதியவர் பதினைந்து பேருக்கு ஞாயிறு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டவும் ஓர் இளம் குருவை இங்கிருந்து பிடுங்கி நடுவது அவருக்கும் நல்லதல்ல, அந்தச் சபைக்கும் நல்லதல்ல. அங்கே போகிறவர் நியூபிகினைப் போல அந்த மொழியை, அந்த மக்களின் வெறுமையை, சில ஆண்டுகள் இருந்து கற்பதற்கு அனுமதிக்கப்பட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதும்படி நம் ஆயர்கள் கேட்க வேண்டும் என்று மிகுந்த பணிவோடு வேண்டுகிறேன்.

உண்மையான அருட்பணி ஏற்கனவே வேறு வழியில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியின் கேவெலார் மாதா திருத்தலத்துக்கு ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் போகிறார்கள். சுவிற்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே மரியாஸ்டைன் ஆச்சிரமத்துக்கும் அப்படியே. அவர்களில் இந்துக்களும் நிறைய. இலங்கையில் மடு மாதா திருத்தலத்துக்குப் போன கால்கள்தான் அங்கும் போகின்றன. அந்தத் திருத்தலங்களின் துறவிகள், தங்கள் சொந்த நாட்டுப் பிள்ளைகள் வராத ஆலயத்தில் ஓர் இந்துத் தாய் முழந்தாளிட்டு மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்க்கிறார்கள். அவளிடம் யாரும் சமயக் கொள்கை கேட்பதில்லை. கேட்டாலும் அவளுக்கு அது விளங்காது. அவள் பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிறாள்.

இன்னொன்று, இதைவிட மறைவாக நடப்பது. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் நம் பெண்கள், ஆண்கள் பலர் பராமரிப்பு வேலை செய்கிறார்கள். தொண்ணூறு வயதான ஒரு ஐரோப்பியப் பெண்மணியைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி, மகன் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் இருப்பவர் வவுனியாவிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ போன ஒருவராக இருக்கலாம். சம்பளத்துக்குச் செய்யும் வேலைதான், அதில் குறைவு ஒன்றுமில்லை. 1697இல் கண்டிக் காட்டில் குடிசை போட்டவர்கள் செய்ததும் இந்த வேலையே. மழைக்காக மன்றாடச் சொல்லி யாரும் கேட்காத நாட்டிலும், கைவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணிசெய்ய அவர்களுடைய நம்பிக்கை முன்நிபந்தனை அல்ல. வாஸ் முனிவர் மன்னனின் நம்பிக்கையை முழுமையாக வென்றது அந்தக் கண்டிக் காட்டில்தான். ஐரோப்பாவில் தமிழ் ஆன்மீகப் பணியகங்களை நடத்தும் குருக்களும் போதகர்களும், திருவிழாவுக்கும் முதல் நன்மைக்கும் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கை இந்தப் பராமரிப்பாளர்களுக்குக் கொடுத்தால், அவர்கள் செய்வது என்னவென்று அவர்களுக்கே சொல்லிக்கொடுத்தால், அது ஐரோப்பியத் திருச்சபைக்கு நாம் செய்யும் பேருதவி.

அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சூரிச்சிலும் பாரிஸிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் தாய் தகப்பனோடு தமிழ்ப் பூசைக்கு வருகிறார்கள். பதினாறு வயதில் வருவதை நிறுத்துகிறார்கள். தமிழ் விளங்கவில்லை என்று பெற்றோர் காரணம் சொல்கிறார்கள். அது பாதிதான். அந்தப் பிள்ளை தன் வகுப்புத் தோழனின் உலகில் வாழ்கிறது, கடவுள் என்ற பேச்சு தேவைப்படாத உலகில். ஐரோப்பாவின் கேள்வி நம் சொந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. தமிழ் வகுப்பும் பரதநாட்டியமும் நடத்தி அதைத் தடுக்க முடியாது. ஆலயத்துக்கு வராவிட்டால் சமூகத்தில் பெயர் கெடும் என்று சொல்லி அவர்களை வரவைக்கிறோம் என்றால், நாம் மறுபடி ஒரு தோம்பு எழுதுகிறோம், அது எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளோடு அவர்களுடைய மொழியில், அவர்களுடைய சந்தேகங்களோடு, பயமில்லாமல் பேசக்கூடியவர்கள் வேண்டும். பிலிமத்தலாவையிலும் அம்பிட்டியவிலும் இன்று படிக்கும் மாணவர்களே, உங்களில் சிலர் அங்கே அனுப்பப்படுவீர்கள். போகும் முன் ஓர் ஆண்டாவது ஒரு தோட்டத்தில், லயத்து மக்களோடு இருங்கள். அங்கே போன பின், தமிழ்ச் சபையோடு நின்றுவிடாமல், பக்கத்துத் தெருவில் வெறுமையாகிக்கொண்டிருக்கும் அந்த ஊர்ச் சபையோடும் போய் அமருங்கள். அவர்களுக்கு உங்கள் எண்ணிக்கை வேண்டியதில்லை. பத்துப் பேராக, அரசின் துணை இல்லாமல், வேறு சமயத்தவர் நடுவில், பயமின்றியும் பகையின்றியும் வழிபட்டுப் பழகியவர் ஒருவர் அருகில் இருப்பது அவர்களுக்கு வேண்டும். அந்தப் பழக்கம் உங்களுக்கு இந்த ஊரில் கிடைத்திருக்கிறது.